போத்தலில் ஒரு பெயர், ஒரு வருசம்

பிரான்ஸ் நாட்டுத் திராட்சைக் குடும்பங்களைப் பற்றி ஒரு பாடம்



தேயிலைச் செடியைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே இந்த முறை வேறொரு செடியையும், அதை நம்பி மலைச்சரிவில் வாழும் வேறொரு சனத்தையும் பற்றிப் படிப்போம். நாடு பிரான்ஸ். செடி திராட்சை. அதிலிருந்து எடுப்பது சிவப்பு வைன்.

"வைனைப் பற்றி எழுதுகிறார்களே, குடிக்கச் சொல்கிறார்களா?" என்று அம்மாமார் கேட்பது நமக்குக் கேட்கிறது. இல்லை. குடியால் நமது லயங்களில் எத்தனை அடுப்பு எரியாமல் போயிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். வைனும் மதுதான். ஆபத்தில்லாத அளவு என்று மதுவில் ஒன்றுமில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாம் படிக்கப் போவது போத்தலின் மேலே ஒட்டியிருக்கும் சின்னக் கடதாசியை. அதிலே ஒரு குடும்பத்தின் பெயர், ஒரு நிலத்தின் பெயர், ஒரு வருசம் மூன்றும் இருக்கும். இவை அங்கே எப்படி வந்தன? வந்ததால் அந்தக் குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது? அதைக் காப்பாற்ற அவர்கள் என்ன பாடுபடுகிறார்கள்? இவற்றைப் பார்ப்போம்.

இடம்

பிரான்சின் கிழக்குப் பக்கம் பர்கண்டி என்றொரு பிரதேசம் உண்டு. அங்கே டிஜோன் நகரத்திலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு நீண்ட மலைச்சரிவு போகிறது. பெயர் கோத் டோர். உலகத்திலேயே மிக விலை கூடிய சிவப்பு வைன்களில் பல இந்தச் சரிவிலிருந்துதான் வருகின்றன. சிவப்பு வைனுக்கு அங்கே நடுவது பெரும்பாலும் ஒரே இனம்: பினோ நுவார் என்னும் கறுப்புத் திராட்சை. தோல் மெல்லிசு. மழை கூடினால் அழுகும், வெயில் கூடினால் வாடும். செல்லப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டிய செடி.

அந்தச் சரிவு ஒரே நிலமாக இல்லை. மண், சாய்வு, வெயில் படும் திசை இவற்றைப் பார்த்துப் பல நூறு வருசமாகத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நமது தோட்டத்தில் ஒவ்வொரு மலைக்கும் ஒரு பெயரோ இலக்கமோ இருப்பது போலத்தான். இப்படிப் பெயர் பெற்ற துண்டுகள் 1,247. யுனெஸ்கோ நிறுவனம் 2015ல் இவற்றை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

அங்கே நிலம் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் குடும்பங்கள். ஐந்து, பத்து, இருபது ஏக்கர்தான். அதுவும் ஒரே இடத்தில் இல்லை. இங்கே அரை ஏக்கர், அங்கே முக்கால் ஏக்கர்.

ஒரு வருசத்து வேலை

மார்கழி, தை மாதத்துக் கடும் குளிரில் கவ்வாத்து நடக்கும். ஒவ்வொரு செடியிலும் நல்ல கிளை ஒன்றிரண்டை மட்டும் விட்டு மற்றதை வெட்டுவார்கள். பழம் குறைவாகக் காய்த்தால்தான் ருசி கூடும் என்பது அவர்கள் கணக்கு. சித்திரையில் துளிர் விடும். ஜூன் மாதம் பூக்கும். பூத்து ஏறக்குறைய நூறு நாளில் பழம் பறிக்கலாம்.

பறிப்பு ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும். நல்ல வைனுக்குக் கையால்தான் பறிப்பார்கள். சிறிய கத்தரிக்கோலால் குலையை வெட்டி, பழம் நசுங்காமல் சின்னப் பெட்டிகளில் வைப்பார்கள். அழுகல், பச்சைக்காய், இலை எல்லாவற்றையும் தனியே எடுத்துப் போட வேண்டும். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது முற்றல் இலையைப் பார்த்துக் கணக்குப்பிள்ளை முகம் சுளிப்பதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். பறிக்கும் இடத்தில் கெட்டதைப் பிறகு எந்த மெசினும் திருத்தாது.

அடுத்து விஞ்ஞானம். பிள்ளைகள் கவனிக்கவும். கறுப்புத் திராட்சையைப் பிழிந்தால் வருவது வெள்ளைச் சாறுதான். சிவப்பு நிறம் தோலில் இருக்கிறது. ஆகவே சாறையும் தோலையும் சேர்த்தே பெரிய தொட்டியில் போட்டு இரண்டு, மூன்று வாரம் வைப்பார்கள். மதுவம் என்னும் நுண்ணுயிர் பழத்தின் சீனியை உண்டு மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றும். இதுவே நொதித்தல். வாயு தோலை மேலே தள்ளும். ஆட்கள் அதை மறுபடி உள்ளே அமுக்கி விடுவார்கள். பின்பு பிழிந்து, 228 லீற்றர் பிடிக்கும் ஓக் மரப் பீப்பாக்களில் ஊற்றி, நிலவறையில் ஒரு வருசமோ ஒன்றரை வருசமோ வைப்பார்கள். ஒரு பீப்பாவுக்குச் சுமார் 300 போத்தல்.

ஆக, இந்த வருசம் பறித்த பழத்துக்குக் காசு வர இரண்டு வருசம் போகும். அதுவரை குடும்பம் சாப்பிட வேண்டும், கடன் கட்ட வேண்டும்.

வருசத்தை ஏன் போடுகிறார்கள்?

நமது தேயிலை எப்படிப் போகிறது? பல மலைகளின் கொழுந்து ஸ்டோரில் ஒன்றாகச் சேர்கிறது. ஏலத்துக்குப் போன பிறகு பல தோட்டத்துத் தூளை வாங்கிக் கலந்து பக்கட்டில் அடைக்கிறார்கள். எப்போதும் ஒரே ருசி வரவேண்டும் என்பதற்காகவே அப்படிக் கலப்பது. வாங்குகிறவருக்கு அது வசதிதான்.

பர்கண்டிக் குடும்பங்கள் நேர்மாறாகச் செய்கின்றன. உயர்ந்த வைனுக்குப் பெரும்பாலும் ஒரு துண்டு நிலத்தின் பழத்தை அடுத்த துண்டோடு சேர்ப்பதில்லை. போன வருசத்து வைனை இந்த வருசத்தோடு கலந்து குறையை மறைப்பதும் இல்லை. மழை வருசம் என்றால் மழை வருசத்து ருசி, வெயில் வருசம் என்றால் வெயில் வருசத்து ருசி. கடதாசியில் ஒரு வருசத்தைப் போட்டால், குறைந்தது 85 வீதமாவது அந்த வருசத்துப் பழமாக இருக்கவேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம்.

இதில் ஒரு துணிச்சல் இருக்கிறது. வருசத்தைப் போட்டவன் அந்த வருசத்து நல்லது கெட்டது இரண்டுக்கும் பொறுப்பு. சாக்குச் சொல்ல முடியாது. ஆனால் நல்ல வருசம் வாய்த்தால் அதன் விலையும் அவனுக்கே. ஊவாப் பக்கத்தில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் காய்ந்த காற்றில் தேயிலைக்கு ஒரு தனி வாசம் ஏறி, ஏலத்தில் விலை கூடுகிறதல்லவா? அதே விசயம்தான்.

பெயருக்காக நடந்த போராட்டம்

குடும்பத்தின் பெயர் போத்தலில் வந்தது லேசாக நடந்த காரியமல்ல. நூறு வருசத்துக்கு முன் பழம் விளைவித்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்கள் வைனைப் பீப்பாக் கணக்கில் வியாபாரிகளுக்கு விற்றார்கள். வியாபாரி தனது நிலவறையில் பல ஊர் வைனைக் கலந்து, தனது பெயரை ஒட்டி விற்றான். சில பேர் தெற்கிலிருந்து மலிவான வைனைக் கொண்டுவந்து கலந்து, பெயர்பெற்ற ஊரின் பெயரைப் போட்டதும் உண்டு. விளைந்த இடம் ஒன்று, எழுதிய இடம் வேறு. விலையை வியாபாரி வைப்பான். விளைவித்தவன் வாயை மூடிக்கொண்டு வாங்கவேண்டும்.

1920களிலும் 1930களிலும் சில பேர் இதை எதிர்த்தார்கள். வொல்னே ஊரில் தாஞ்செர்வில் பிரபு, நுயி-சென்-ஜோர்ஜ் ஊரில் ஆன்ரி கூஜ், ஜெவ்ரே-ஷம்பெர்த்தேன் ஊரில் அர்மோன் ரூசோ ஆகியோர் முக்கியமானவர்கள். தாஞ்செர்வில் கலப்படத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். அதற்கு வியாபாரிகள் அவருடைய வைனை வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். அவர் தனது வைனைத் தானே போத்தலில் அடைத்து, தனது பெயரைப் போட்டு, குடிக்கிறவர்களுக்கே நேராக விற்கத் தொடங்கினார். மற்றவர்களும் அந்த வழியில் போனார்கள். 1935ல் பிரான்ஸ் அரசாங்கம் ஊர்ப் பெயர்களைக் காக்கச் சட்டம் கொண்டுவந்தது. எந்த எல்லைக்குள், எந்த இனத்தை நட்டு, எவ்வளவுக்கு மேல் விளைவிக்காமல் செய்தால் அந்த ஊரின் பெயரைப் போடலாம் என்பது எழுத்தில் வந்தது.

நமக்குப் "பேர்" என்றால் செக்ரோலில் விழும் நாள் கணக்கு. அரைப் பேர் விழுந்தால் அன்றைக்கு வீட்டில் மனம் சரியில்லை. அந்த நாட்டுச் சிறு குடும்பங்களுக்கோ பேர் போத்தலில் விழுந்தது. அது விழுந்த நாளிலிருந்து விலை சொல்லும் உரிமையும் மெல்ல அவர்கள் பக்கம் வந்தது.

பூச்சி கற்றுத்தந்த பொறுமை

1869ல் இலங்கையில் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் காணப்பட்டது. சில பத்து வருசத்தில் கோப்பி அழிந்து, அந்த மலைகளில் தேயிலை வந்தது. இது நமது முன்னோர் கண்ட கதை. அதே காலத்தில் பிரான்சிலும் ஒரு நாசம். அமெரிக்காவிலிருந்து வந்த பிலோக்செரா என்னும் நுண்ணிய பூச்சி 1863 அளவில் தெற்கே காணப்பட்டது. வேரை உறிஞ்சி, பர்கண்டி வரை தோட்டம் தோட்டமாகக் காயவைத்தது.

அவர்கள் செடியை மாற்றவில்லை, வேரை மாற்றினார்கள். அமெரிக்கத் திராட்சையின் வேரை அந்தப் பூச்சி கொல்ல முடியாது. அந்த வேரின் மேல் தங்கள் பினோ நுவார்க் கிளையை ஒட்டுக் கட்டினார்கள், ஒட்டு மாங்கன்று போல. இன்றுவரை அதுவே வழி.

ரொமானே-கொந்தி என்று நாலரை ஏக்கர் அளவான ஒரு துண்டு உண்டு. இரண்டு குடும்பங்களுக்குப் பொதுச் சொத்து. அங்கே பழைய வேரையே மருந்து போட்டு 1945 வரை காப்பாற்றினார்கள். அந்தக் கடைசி வருசம் கிடைத்தது 600 போத்தல் மட்டுமே. பின்பு செடிகளைப் பிடுங்கி ஒட்டுச்செடி நட்டார்கள். 1946 முதல் 1951 வரை அந்த நிலத்தின் பெயரில் ஒரு போத்தல்கூட இல்லை. 1952ல்தான் மறுபடி வந்தது. அந்த 1945ஆம் வருசத்துப் போத்தல் ஒன்று 2018ல் நியூயோர்க் ஏலத்தில் 5 இலட்சத்து 58 ஆயிரம் டொலருக்குப் போனது. பறித்தவர்கள் அந்தக் காசைக் கண்டதில்லை. 70 வருசத்துக்கு மேல் கழிந்துவிட்டது. ஆனால் ஆறு வருசம் வருமானமில்லாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பொறுமையை நாம் கவனிக்க வேண்டும்.

பங்கு பிரிப்பு

குடும்பச் சொத்து என்றால் பங்குப் பிரச்சினை வராமல் இருக்குமா? பிரான்சில் 1804ஆம் வருசச் சட்டத்தின்படி ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொத்தில் சமபங்கு. நல்ல சட்டம். ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை நிலம் துண்டாகிக்கொண்டே போனது. சித்தோ மடத்துத் துறவிகள் மதில் கட்டி வைத்திருந்த க்ளோ தெ வூஜோ என்ற தோட்டம் சுமார் 125 ஏக்கர். பிரெஞ்சுப் புரட்சியில் அரசு அதைப் பறித்து விற்றது. இன்றைக்கு அந்த மதிலுக்குள்ளே சுமார் 80 உடைமைக்காரர்கள். சிலருக்குச் சில நிறைச் செடிகள்தான்.

வோன்-ரொமானே ஊரைச் சேர்ந்த குரோ குடும்பத்தைப் பாருங்கள். 1963ல் லூயி குரோ என்பவரின் பிள்ளைகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் காலத்தில் "குரோ" என்ற பெயரில் நாலு தனித்தனித் தோட்டங்கள் வந்துவிட்டன. அதில் ஒன்றை 1988ல் தகப்பனிடமிருந்து பொறுப்பெடுத்தவர் ஆன் குரோ என்ற மகள். அவரது பெயரிலேயே அந்த வைன் உலகம் முழுக்கப் போகிறது. பொம்பளைப் பிள்ளைக்கு நிலம் எதற்கு என்று கேட்பவர்கள் இதைப் படிக்கட்டும்.

சிதறாமல் இருக்க அவர்கள் சில ஏற்பாடுகள் செய்கிறார்கள். நிலத்தை வெட்டிப் பிரிக்காமல் ஒரு குடும்பச் சங்கமாகப் பதிந்து, அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்குப் பங்குப் பத்திரம் கொடுப்பது ஒன்று. வாரத்துக்கு விடுவது இன்னொன்று: நிலம் ஒருவருடையது, உழைப்பு சொந்தக்காரர் ஒருவருடையது, விளைச்சலில் பாதியோ மூன்றில் ஒன்றோ நிலக்காரருக்கு. எதுவானாலும் எழுத்தில் இருக்கும். வாய்ப்பேச்சில் விட்டால் ஒரு சாவு வீட்டோடு சண்டை தொடங்கிவிடும் என்று அவர்களுக்கும் தெரியும்.

இன்றைய ஆபத்துகள்

முதலாவது, காலநிலை. போன் என்ற நகரத்தில் திராட்சை பறிக்கத் தொடங்கிய நாளை 1354 முதல் குறித்து வந்திருக்கிறார்கள். 1987 வரை சராசரி நாள் செப்டெம்பர் 28. 1988க்குப் பிறகு சராசரியாக 13 நாள் முந்திவிட்டது. 2003ல் ஆகஸ்டிலேயே பறித்தார்கள். குளிர்காலம் சூடாக இருந்தால் துளிர் முந்தி வருகிறது. அதன் பிறகு சித்திரை மாதத்தில் ஓர் இரவு உறைபனி விழுந்தால் அத்தனை துளிரும் கருகிப்போகும். 2016 ஏப்ரலிலும் 2021 ஏப்ரலிலும் அப்படியே நடந்தது. இரவு முழுக்கச் செடிகளுக்கிடையே பெரிய மெழுகு விளக்குகளையும் வைக்கோல் கட்டுகளையும் எரித்துக் காவல் இருந்தார்கள். அப்படியும் பல குடும்பங்களுக்கு 2021ல் பாதி விளைச்சல்கூடக் கிடைக்கவில்லை. வேறு வருசத்து வைனைக் கலந்து நிரப்ப முடியாதவர்களுக்கு இது பேரிடி.

இரண்டாவது, நிலத்தின் விலை. பெயர் பெரிதாக ஆக விலையும் ஏறியது. முதல் தர நிலம் ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர், பல மில்லியன் யூரோ. தகப்பன் இறந்தால் அந்த விலைக்குத் தக்கபடி பிள்ளைகள் வரி கட்டவேண்டும். வைன் விற்றுக் கட்ட முடியாவிட்டால் நிலத்தை விற்கவேண்டியதுதான். வாங்க வருகிறவர்கள் கோடீஸ்வரர்கள். க்ளோ தெ தார் என்ற தோட்டத்துக்கு 1141 முதல் 2017 வரை மூன்றே உடைமைக்காரர்: ஒரு கன்னியர் மடம், பின்பு இரண்டு குடும்பங்கள். 2017ல் அது ஒரு பெரும் பணக்காரரின் கம்பனிக்குப் போய்விட்டது. குடும்பத்துக்கு உயர்வு தந்த பெயரே கடைசியில் நிலத்தைக் கைவிடவும் வைக்கிறது.

பறிக்கும் கைகள்

இவ்வளவு பெருமை பேசினால் போதாது. குடும்பத் தோட்டம் என்றாலும் பறிப்புக் காலத்தில் குடும்பம் மட்டும் போதாது. மாணவர்களும், வேறு நாடுகளிலிருந்து வேலை தேடி வந்தவர்களும் பறிக்கிறார்கள். பழைய வழக்கப்படி சோறும் படுக்கையும் கொடுத்து, கடைசி நாளில் எல்லாரையும் ஒரே மேசையில் இருத்தி விருந்து வைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. எல்லா இடமும் அப்படி இல்லை. பர்கண்டிக்கு வடக்கே, ஷம்பேன் என்னும் நுரை வைனுக்குப் பெயர்பெற்ற பகுதியில் 2023ஆம் வருசப் பறிப்பின்போது கடும் வெயிலில் சில தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அதே வருசம் அங்கே 50க்கு மேற்பட்ட தொழிலாளர்களை மோசமான வீடுகளில் அடைத்து வேலை வாங்கியது வெளியே வந்தது. 2025 ஜூலையில் நீதிமன்றம் அந்த வழக்கில் மூன்று பேரை ஆட்கடத்தல் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அதில் ஆள் சேர்த்துக் கொடுத்த கம்பனியை நடத்தியவரும் ஒருவர்.

ஆள் சேர்த்துக் கொண்டுவந்தவர்களை நம்பிக் கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஆகவே இதை நாம் வாசித்துவிட்டுச் சும்மா பக்கத்தைத் திருப்ப முடியாது. போத்தலில் நிலத்தின் பெயர் உண்டு, உடைமைக்காரரின் பெயர் உண்டு. பறித்தவரின் பெயர் எந்தப் போத்தலிலும் இல்லை.

நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை

போன் நகரத்தில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. 1443ல் அங்கே ஏழைகளுக்காக ஓர் ஆஸ்பத்திரி நிறுவப்பட்டது. பல தலைமுறையாக மக்கள் தங்கள் திராட்சை நிலங்களை அதற்குத் தானமாக எழுதி வைத்தார்கள். 1859 முதல் அந்த நிலங்களின் வைனை ஏலத்தில் விற்று ஆஸ்பத்திரியை நடத்துகிறார்கள். கொழும்புத் தேயிலை ஏலம் 1883ல் தொடங்கியது. அதைவிட இது 24 வருசம் மூத்தது. நிலத்தின் பெயர் நோயாளிக்கும் உதவலாம் என்பதற்கு அது சாட்சி.

தேயிலையில் நமது பெயரை நாம் இன்று போட முடியாமல் இருக்கலாம். ஆனால் வீட்டுத்தோட்டத்து மரக்கறி, பால், கோழி, சிலருக்குக் கிடைத்திருக்கும் சிறு காணி இவற்றில் போடலாம். கலப்படமில்லாமல் கொடுத்தால் "இன்னார் வீட்டுப் பால்" என்று சனம் தேடிவரும். அதுவும் ஒரு பெயர்தான்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. கறுப்புத் திராட்சையின் சாறு வெள்ளையாக இருந்தும் வைன் சிவப்பாவது எப்படி? பிள்ளைகள் பெரியவர்களுக்குச் சொல்லட்டும்.

2. வருசத்தைப் போட்டு விற்பதால் விளைவிப்பவருக்கு வரும் நன்மை ஒன்று, நட்டம் ஒன்று சொல்லுங்கள்.

3. வியாபாரிகள் வாங்க மறுத்தபோது தாஞ்செர்வில் என்ன செய்தார்? அவரிடம் சொந்த நிலம் இல்லாதிருந்தால் அது முடிந்திருக்குமா?

4. நமது குடும்பத்தில் காணி, வீடு, சேமிப்புப் புத்தகம் இவற்றின் கடதாசிகள் யாருடைய பெயரில் இருக்கின்றன? மகள்மாரின் பெயரும் அதில் உண்டா? இன்றிரவே எடுத்துப் பாருங்கள்.